ரெண்டு தடவை போட்ட ஸ்கொயர் ரூட்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்துல உக்காந்த மாமா கேட்டாரு, "ஏன் தம்பி, நீ கெமிக்கல் தானே படிச்ச, இப்ப ஓ.எம்.ஆர்ல கம்ப்யூட்டர் கம்பெனின்னு சொல்றாங்க, லைன் மாறிட்டியா?"ன்னு. மாறல மாமா, ரெண்டும் தான்னேன். "ரெண்டும்னா?"ன்னாரு. அதுக்குள்ள சாம்பார் வந்துருச்சு. இந்தக் கேள்விக்கு நான் ஒழுங்கா பதில் சொன்னதே இல்ல, பத்து வருஷமா ஏதாவது ஒரு சாம்பார் வந்து காப்பாத்திட்டு இருக்கு. அதான் இங்க எழுதி வெச்சிடலாம்னு. கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் பி.டெக் கெமிக்கல். எங்க க்ளாஸ்ல பாதிப் பேருக்கு மேல கேம்பஸ்லயே ஐ.டிக்கு போயிட்டாங்க. மாஸ் டிரான்ஸ்ஃபர், ஹீட் டிரான்ஸ்ஃபர், ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்னு நாலு வருஷம் முட்டி மோதிட்டு கடைசியில ஜாவா டிரெய்னிங். நான் மட்டும் கோர் தான் வேணும்னு அடம் பிடிச்சு கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சால்வென்ட் பிளாண்ட்ல டிரெய்னியா சேந்தேன் (பேர் வேண்டாம், அங்க இன்னும் நமக்கு வேண்டியவங்க இருக்காங்க). சம்பளம் ஐ.டிக்கு போனவனோடதுல பாதி, அதுல பாதி ட்ரெயின் சீசன் டிக்கெட்டுக்கும் பரோட்டாவுக்கும் போயிடும்.

அங்க டிரெய்னிக்கு என்ன வேலைன்னா மணிக்கு ஒரு தடவை டி.சி.எஸ் (பிளாண்ட்டை ஓட்டுற கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) ஸ்க்ரீன்ல இருக்குற நம்பரைப் பாத்து லாக் ஷீட்ல பேனாவால எழுதணும், டெம்பரேச்சர், பிரஷர், ஃப்ளோ, லெவல்னு நாப்பது அம்பது கட்டம். காலைல அதே நம்பரைப் பாத்து எக்ஸெல்ல டைப் அடிச்சு ரிப்போர்ட் அனுப்பணும். கம்ப்யூட்டர்ல இருந்து பேப்பருக்கு, பேப்பர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு, நடுவுல தூக்கக் கலக்கத்துல ஒரு இஞ்சினியர். ஒரு நாள் நைட் ஷிஃப்ட்ல நான் 78.4ங்கிறத 87.4னு அடிச்சு வெச்சு அதுக்கு காலைல அரை மணி நேரம் மீட்டிங் போட்டாங்க. அந்த கடுப்புல தான் எக்ஸெல் வேலையை தானா செய்ய வைக்கிற வி.பி.ஏ மேக்ரோ எழுதக் கத்துக்கிட்டேன். என் சாஃப்ட்வேர் பயணம் ஆரம்பிச்சது ஆர்வத்துல இல்ல, தூக்கத்துல.

ஆனா ஒண்ணு சொல்லணும், கெமிக்கல் படிச்சவனுக்கு கோடிங் உண்மையிலேயே அந்நியம் கிடையாது, நம்மகிட்ட யாரும் அப்படிச் சொல்லித் தர்றதில்ல அவ்ளோதான். பபிள் பாயின்ட், அதாவது ஒரு கலவை கொதிக்க ஆரம்பிக்கிற டெம்பரேச்சர், அதைக் கண்டுபிடிக்கிற கணக்கு ஞாபகம் இருக்கா? ஒரு டெம்பரேச்சர் குத்துமதிப்பா வெச்சிக்கணும், ஒவ்வொரு காம்பொனென்ட்டுக்கும் ஆன்ட்வான் ஈக்குவேஷன்ல வேப்பர் பிரஷர் போடணும், அதை கலவையில அதோட பங்கால பெருக்கி மொத்த பிரஷரால வகுக்கணும், எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா 1 வரணும், வரலன்னா டெம்பரேச்சரை மாத்தி திரும்ப முதல்ல இருந்து. எக்ஸாம்ல மூணு ட்ரையல் போட்டு 0.997 வந்தா கோயிலுக்குப் போன சந்தோஷம் வரும். அது ஒரு வைல் லூப் (சரியா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடுற கோடு) தான் பா! அதே செமஸ்டர்ல பக்கத்து பேப்பர்ல நியூட்டன் ராப்சன் நடத்துறாங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு ரெண்டு சாரும் சொல்லல, நமக்கும் தோணல.

சரி, இப்ப கதைக்கு வரேன். நான் ஏன் ரெண்டு லைன்லயும் மாட்டிக்கிட்டேன்ங்கிறதுக்கு இந்த ஒரு கதை போதும்.

எங்க பிளாண்ட்ல ஒரு பெரிய டிஸ்டிலேஷன் காலம் (column, கொதிக்க வெச்சு சால்வென்ட்டைப் பிரிக்கிற கோபுரம்), அடியில அதைக் கொதிக்க வைக்கிற ரீபாய்லர், அதுக்கு 3 பார் ஸ்டீம் போகும். ஸ்டீம் லைன்ல ஓரிஃபிஸ் பிளேட் (நடுவுல ஓட்டை போட்ட தகடு), அதுமேல டி.பி. டிரான்ஸ்மிட்டர் (தகட்டுக்கு முன்னாடி பின்னாடி பிரஷர் வித்தியாசத்தை அளக்குறது), மணிக்கு 0 முதல் 5000 கிலோ வரைக்கும் ரேஞ்ச். ஒரு டன் ப்ராடக்டுக்கு எத்தனை கிலோ ஸ்டீம்ங்கிறது தான் மேனேஜ்மென்ட் பாக்குற நம்பர். அது ரெண்டு வருஷமா மோசமா இருந்துச்சு, அதுவும் எப்போன்னா லோடு கம்மியா ஓட்டும்போது மட்டும். ஃபுல் லோடு ஓட்டுனா சரியா இருக்கும். இதுக்கு எல்லார்கிட்டயும் ஒரு ரெடிமேட் பதில் இருந்துச்சு: "லோடு குறைச்சா ஸ்பெசிஃபிக் ஸ்டீம் ஏறத்தான்யா செய்யும்." அது பொய்யும் இல்ல. லோடு எவ்ளோ குறைஞ்சாலும் உள்ள இருக்குற ஓட்டைத் தட்டு (ட்ரே) ஒழுகாம இருக்க ஒரு அளவு வேப்பர் மேல போயிட்டே தான் இருக்கணும், வெளில போற ஹீட் லாஸும் அப்படியே தான் இருக்கும், அதனால டன்னுக்கு கணக்கு போட்டா கூடத்தான் வரும். ஆனா இவ்ளோ கூட வருமா? அதைத்தான் யாரும் கேக்கல. உண்மையான ஒரு காரணத்துக்குப் பின்னாடி ஒரு பொய் நம்பர் சொகுசா ஒளிஞ்சிட்டு இருந்துச்சு.

நடுவுல என்னென்னவோ பண்ணாங்க. ஸ்டீம் டிராப் லீக்னு பதினாலு டிராப் மாத்துனாங்க. இன்சுலேஷன் பிரிச்சு புதுசா போட்டாங்க. ஒரு ஆபரேட்டர் அண்ணனுக்கு, ரிஃப்ளக்ஸ் (மேல வந்ததுல திரும்ப உள்ள விடுற பங்கு) அதிகமா வெச்சு ஓட்டுறாருன்னு மெமோ வேற. பாவம், அவரு எப்பவும் ஓட்டுற மாதிரி தான் ஓட்டிட்டு இருந்தாரு.

அப்புறம் ஒரு கம்பெனியில இருந்து மூணு பேர் வந்தாங்க, நல்ல ஷர்ட் போட்டுக்கிட்டு, ஏ.ஐ வெச்சு ஸ்டீமை குறைக்கிறோம்னு. ஹிஸ்டாரியன்ல (பிளாண்ட் ரீடிங் எல்லாம் சேத்து வெக்கிற டேட்டாபேஸ்) இருந்து ஒரு வருஷ டேட்டாவை வாரிட்டு போயி, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மாடல் கொண்டு வந்தாங்க. ஆக்சுவல் ஒரு கோடு, பிரெடிக்டட் ஒரு கோடு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே படுத்திருக்கு, ஆர் ஸ்கொயர் 0.98 (1 வந்தா அச்சு அசலா பொருந்துதுன்னு அர்த்தம்). எல்லாரும் கை தட்டுனோம், நானும் தான் தட்டுனேன். அந்த மாடல் கத்துக்கிட்டது என்னன்னு பின்னாடி தான் புரிஞ்சுது. எவ்ளோ ஸ்டீம் போகும்னு அது கத்துக்கல, அந்த மீட்டர் என்ன சொல்லும்னு கத்துக்கிச்சு. மீட்டர் பொய் சொன்னா அதே பொய்யை 0.98 சுத்தமா அதுவும் சொல்லும்.

அவங்க எடுத்த அதே டேட்டாவை நானும் எடுத்தேன். நிமிஷத்துக்கு ஒரு ரீடிங்னா ஒரு வருஷத்துக்கு 5,25,600 வரி, எக்ஸெல்ல திறக்குறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம், ஒரு ஃபார்முலா இழுத்தா இன்னொரு டீ. அதுக்காகத்தான் பைத்தான் பக்கம் போனேன். மீஞ்சூர்ல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ட்ரெயின்ல ஃபோன்ல வீடியோ பாத்து பாத்து பாண்டாஸ் (பைத்தான்ல டேட்டாவைக் கையாளுற லைப்ரரி) கத்துக்கிட்டேன், பாதி நேரம் பொன்னேரி தாண்டினா சிக்னல் போயிடும். நான் பண்ணது பெரிய மாடல் எல்லாம் இல்ல, ரெண்டாவது வருஷ ஹீட் பேலன்ஸ். மேல கன்டென்சர்ல கூலிங் வாட்டர் எவ்ளோ சூட்டை எடுத்துட்டு போகுது, ப்ராடக்டும் பாட்டமும் எவ்ளோ எடுத்துட்டு போகுது, ஃபீட் எவ்ளோ கொண்டு வருது, கொஞ்சம் லாஸ், எல்லாம் கூட்டிக் கழிச்சு அந்த ஸ்டீமோட லேட்டன்ட் ஹீட், கிலோவுக்கு சுமார் 2133 கிலோஜூல், அதால வகுத்தா எவ்ளோ ஸ்டீம் போயிருக்கணும்னு வந்துடும். வாட்டர் மீட்டர் வேற வகை, மேக்னெடிக், அதை தனியா டேங்க் வெச்சு செக் பண்ணி நம்பலாம்னு முடிவு பண்ணிருந்தேன்.

அப்புறம் கிராஃப். கிடைமட்டத்துல என் கணக்கு, செங்குத்துல மீட்டர். நேர் கோடு வரணும். வரல. மேல 4800க்கு மீட்டர் 4900 காட்டுது, பரவால்ல. 3500க்கு 4180. 2500க்கு 3535! கீழ வர வர வயிறு மாதிரி உப்பிட்டே போகுது. நான் முதல்ல என் ப்ரோக்ராம்ல தான் தப்புன்னு ரெண்டு நாள் தேடுனேன். சாதாரண மீட்டர்ல ஜீரோ (ஆரம்பப் புள்ளி) தப்புன்னா கோடு நேரா தள்ளி நிக்கும், ஸ்பேன் (முழு அளவு) தப்புன்னா நேரா சாஞ்சு நிக்கும்; இந்த மாதிரி ஃப்ளோ மீட்டர்ல ஜீரோ தப்புன்னா கீழ் முனையில தான் அதிகமா விலகும். இது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, ரெண்டு முனையிலயும் ஒட்டுது.

அந்த 3535 தான் காட்டிக் கொடுத்துச்சு. 5000ல அது எவ்ளோ? 0.707. அதாவது பாதியோட ஸ்கொயர் ரூட். 2500ங்கிறது 5000ல பாதி. உக்காந்த இடத்துல அப்படியே சிலிர்த்துப் போச்சு. காலேஜ் லேப்ல ஓரிஃபிஸ் மீட்டர் எக்ஸ்பெரிமென்ட், மானோமீட்டர்ல மெர்க்குரி ஆடுறத பாத்து நோட்ல எழுதி லாக் லாக் கிராஃப் போட்டு ஸ்லோப் 0.5 வரணும்னு ரப்பர் வெச்சு பாயின்டை நகத்துனது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஓரிஃபிஸ்ல பிரஷர் வித்தியாசம் ஃப்ளோவோட ஸ்கொயரா போகும், அதனால எங்கயாவது ஒரு இடத்துல ஸ்கொயர் ரூட் எடுத்து தான் ஃப்ளோ ஆக்கணும். ஒரு இடத்துல. பாதி ஃப்ளோ போகும்போது டி.பி கால் தான் இருக்கும், கால் வாசிக்கு ரூட் எடுத்தா பாதி, சரி. அந்த பாதிக்கு மறுபடியும் ரூட் எடுத்தா 0.707. நூறு சதவீதத்துல எத்தனை தடவை ரூட் எடுத்தாலும் நூறு தான், அதனால தான் ஃபுல் லோடுல யாருக்கும் தெரியல.

இன்ஸ்ட்ருமென்ட் அண்ணன்கிட்ட போனேன். அவருக்கு அம்பது வயசு இருக்கும், ஐ.டி.ஐ, அந்த பிளாண்ட்ல ஒவ்வொரு வயரும் அவரு இழுத்தது.

"அண்ணே, ஸ்டீம் ஃப்ளோவுக்கு ரூட் எங்க எடுக்குறோம், டிரான்ஸ்மிட்டர்லயா டி.சி.எஸ்லயா?"

"டி.சி.எஸ்ல தான் தம்பி. ஆரம்பத்துல இருந்து அப்படித்தான். டிரான்ஸ்மிட்டர் லீனியர்."

"அந்த டிரான்ஸ்மிட்டர் எப்பவாச்சும் மாத்துனீங்களா?"

கொஞ்சம் யோசிச்சாரு. "டயாஃப்ராம் போச்சுன்னு மாத்துனோம்... ரெண்டு வருஷம் இருக்கும்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். அவரு ஒண்ணும் பேசாம ஹார்ட் கம்யூனிகேட்டரை (டிரான்ஸ்மிட்டர் செட்டிங்கை பாக்குற, மாத்துற கைக்கருவி) எடுத்து தோள்ல மாட்டிக்கிட்டு ஏணி ஏறுனாரு. கண்ட்ரோல் ரூமுக்கு சொல்லி அந்த லூப்பை மேனுவல்ல போட்டுட்டு ரெண்டு கிளிப்பை மாட்டி மெனுவுக்குள்ள போய்ப் பாத்தா, அவுட்புட் ஸ்கொயர் ரூட்னு இருக்கு. புது டிரான்ஸ்மிட்டர் வரும்போதே அப்படி செட் பண்ணி வந்திருக்கு. "அட கருமமே"ன்னாரு. மேல இருந்து அவரு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. பட்டன் நாலு தடவை அமுக்குனாரு, ரெண்டு வருஷ ஸ்டீம் பிரச்சனை தீர்ந்துச்சு. மெமோ வாங்கின ஆபரேட்டர் அண்ணன்கிட்ட யாரும் சாரி சொல்லல, அது வேற கதை.

இதுல நான் என்ன பண்ணேன்னு யோசிச்சா பெருசா எதுவும் இல்ல. என் கோடு அம்பது வரி, ஷர்ட் போட்ட மூணு பேரும் என்னை விட நூறு மடங்கு நல்லா கோடு எழுதுவாங்க, அவங்களுக்கு அந்த வளைவு ஒரு வளைவு தான், அதுக்கு ஏத்த மாதிரி ஒரு ஃபிட் போட்டுட்டு போயிடுவாங்க. இன்ஸ்ட்ருமென்ட் அண்ணனுக்கு அந்த டிரான்ஸ்மிட்டர் பத்தி என்னை விட ஆயிரம் மடங்கு தெரியும், ஆனா அவரு கைக்கு அந்த கிராஃப் வரவே இல்ல. நான் நடுவுல நின்னேன். வளைவையும் பாத்தேன், அது எதோட வளைவுன்னும் தெரிஞ்சுது. ரெண்டு ஸ்கில் இருந்தா ரெண்டு மடங்கு சம்பளம்னு நினைச்சு வர்றவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், அப்படி எல்லாம் இல்ல, ஆனா இந்த மாதிரி ஒரு சாயங்காலம் கிடைக்கும்.

அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல பிளாண்ட்டை விட்டு, கெமிக்கல் பிளாண்ட்டுகளுக்கு சாஃப்ட்வேர் பண்ற ஒரு கம்பெனிக்கு வந்தேன். இன்டர்வியூவே காமெடி. வேலை என்னமோ டிஸ்டிலேஷன் மாடல் எழுதறது, முதல் ரவுண்டுல லிங்க்டு லிஸ்ட்டை திருப்பிப் போடச் சொன்னாங்க (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்டர்வியூல வழக்கமா வர்ற கேள்வி). டிஸ்டிலேஷன் காலம் ஃப்ளட் ஆனா (திரவம் கீழ இறங்காம தேங்கிட்டா) எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேக்கல. மனப்பாடம் பண்ணிட்டு போயிருந்ததால தப்பிச்சேன்.

சேந்து மூணாவது வாரம் மானம் போச்சு. என் முதல் கோடு ரிவ்யூ. 1200 வரி, ஒரே ஃபைல், வேரியபிள் பேரெல்லாம் டி1, டி2, டி2நியூ, டி2நியூஃபைனல். ரிவ்யூ பண்ண பொண்ணு திருநெல்வேலி, கம்ப்யூட்டர் சயின்ஸ், என்னை விட நாலு வயசு சின்னவங்க. ரொம்ப பணிவா கேட்டாங்க, "இந்த 8.07131 எங்க இருந்து வருது?"

அது தண்ணிக்கு ஆன்ட்வான் கான்ஸ்டன்ட்னு சொன்னேன், எல்லாருக்கும் தெரியுமேங்கிற மாதிரி.

"சரி, இதுக்கு டெம்பரேச்சர் எந்த யூனிட்ல குடுக்கணும்?"

செல்சியஸ்னேன்.

"ஆனா இங்க 640வது வரியில நீங்க கெல்வின்ல தானே அனுப்புறீங்க?"

பாத்தேன். ஆமா. அந்த மூணு கான்ஸ்டன்ட், 8.07131, 1730.63, 233.426, செல்சியஸ்ல குடுத்தா மெர்க்குரி மில்லிமீட்டர்ல பதில் வரும், 100 டிகிரிக்கு அழகா 760. 373.15னு கெல்வின்ல குடுத்தா 1,65,000க்கு மேல வரும், அதாவது ஊர்ல சாதாரணமா கொதிக்கிற தண்ணிக்கு 217 அட்மாஸ்ஃபியர் பிரஷர். எர்ரர் எதுவும் வராது, ப்ரோக்ராம் கமுக்கமா ஓடும், பதிலும் குடுக்கும். பிளாண்ட்ல மீட்டரை நம்பாதேன்னு கத்துக்கிட்டு வந்த ஆளு என் சொந்தக் கோடை மட்டும் முழுசா நம்பிட்டு இருந்திருக்கேன். அவங்க சிரிக்கல, "இதுக்கு ஒரு டெஸ்ட் எழுதிடலாமா, 100க்கு 760 வரணும்னு?"ன்னு மட்டும் கேட்டாங்க. என் வாழ்க்கையில முதல் யூனிட் டெஸ்ட் அது, தண்ணி நூறு டிகிரில கொதிக்குதான்னு. இப்ப வரைக்கும் அந்த டெஸ்ட் எங்க ரெப்போல (கோடு எல்லாம் வெச்சிருக்குற இடம்) இருக்கு, ஒவ்வொரு தடவை யாராவது கோடு மாத்தும்போதும் தண்ணி ஒரு தடவை கொதிக்கும். கிட் (கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிவு பண்றது), ரிவ்யூ, டெஸ்ட், இதெல்லாம் கெமிக்கல்காரங்க சும்மா ஃபேஷன்னு நினைப்போம், நம்ம பிளாண்ட்ல பெர்மிட் இல்லாம வெல்டிங் பண்ண விடுவோமா? அதே தான் இதுவும்.

இந்தக் கலப்படம் ஒண்ணும் புதுசும் இல்ல. ஆஸ்பென்னு இன்னிக்கி நிறைய காலேஜ்ல க்ராக் பண்ணி வெச்சிருக்குற, கெமிக்கல் பிளாண்ட்டை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர் (சொல்லக்கூடாது, ஆனா உண்மை) 1976ல எம்.ஐ.டில ஒரு ரிசர்ச் ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்சது, 1981ல கம்பெனி ஆச்சு. ஷெல் ஆயில் கம்பெனில 70கள்லயே கட்லர்னு ஒரு இஞ்சினியர், வால்வை இப்ப தொட்டா பிளாண்ட் அடுத்த ரெண்டு மணி நேரம் எப்படி ஆடும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு ஓட்டுற வழியைக் கொண்டு வந்தாரு, இன்னிக்கி ரிஃபைனரிகள்ல ஓடுற அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ல பெரும்பகுதி அதோட வாரிசு. நம்ம பக்கம் ஐ.ஐ.டி பாம்பேல கண்ணன் மௌத்கல்யா, கெமிக்கல் ப்ரொஃபசர், அவரு தான் ஃபாசி ப்ராஜெக்ட் (படிப்புக்கு காசில்லாத ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரைப் பரப்புறது), ஸ்போக்கன் டுடோரியல் (சாஃப்ட்வேர் சொல்லித் தர்ற வீடியோ பாடம்) ரெண்டையும் நடத்துனவரு. டி.டபிள்யூ.சிம்னு காசில்லாத சிமுலேட்டர் ஒண்ணு இருக்கு, அதுல ஃப்ளோஷீட் (பிளாண்ட்டோட வரைபட மாடல்) போட்டு அனுப்புனா ஃபாசில ஸ்டூடன்ட்டுக்கு பணமும் குடுத்துட்டு இருந்தாங்க. ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்லயே கேட்டுக் கத்துக்கலாம். க்ராக் வெர்ஷன் தேடுற நேரத்துல இதை ஓட்டிப் பாக்கலாம், உள்ள சோர்ஸ் கோடையும் திறந்து பாக்கலாம், பபிள் பாயின்ட் லூப் எப்படி எழுதிருக்காங்கன்னு பாத்தாலே ஒரு செமஸ்டர் புரியும்.

கஷ்டம்னு பாத்தா, ரெண்டு பக்கமும் நம்மள அவங்க ஆளா சேத்துக்க மாட்டாங்க. ஆபீஸ்ல நான் "கெமிக்கல் ப்ரோ", அப்ரைசல்ல எந்த கட்டத்துல போடறதுன்னு ஹெச்.ஆருக்கு வருஷா வருஷம் குழப்பம். பிளாண்ட்டுக்கு போனா "கம்ப்யூட்டர் தம்பி", வால்வு பேர் சொன்னா ஆச்சரியமா பாப்பாங்க. ஓ.எம்.ஆர் பில்டிங் செக்யூரிட்டி என் பேக்ல ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் பாத்துட்டு எங்க சார் போறீங்கம்பாரு, பிளாண்ட் கேட்ல ஃபோனை வாங்கி லாக்கர்ல வெச்சிட்டு லேப்டாப் சீரியல் நம்பரை ரெஜிஸ்டர்ல எழுதறதுக்கு கால் மணி நேரம் ஆகும். எனக்கு இப்ப அந்த கால் மணி நேரம் பிடிச்சிருக்கு, உள்ள போறதுக்கு முன்னாடி மண்டை மாறுறதுக்கு அவ்ளோ நேரம் வேணும்.

நேத்து ராத்திரி அந்த இன்ஸ்ட்ருமென்ட் அண்ணன் வாட்ஸப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பிருந்தாரு. இப்ப வேற பிளாண்ட்ல இருக்காரு. பையன்கிட்ட எக்ஸெல் கத்துக்கிட்டாராம், டேங்க்ல டேப் விட்டு அளந்த லெவல் ஒரு பக்கம், டிரான்ஸ்மிட்டர் சொல்ற லெவல் ஒரு பக்கம், பன்னெண்டு புள்ளி வெச்சு கோடு போட்டிருக்காரு. கீழ வாய்ஸ் நோட்டு: "தம்பி, வளையல. சாயவும் இல்ல. பேரலலா தள்ளி நிக்குது. ஜீரோ தான். காலைல ஏறுறேன்."

நான் கட்டை விரல் மட்டும் போட்டேன்.